தடயவியல் உளவியல்: மலேசியாவில் படிப்பிலிருந்து சாட்சிக் கூண்டு வரை

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் உளவியல் படிக்க வரும் தமிழ் மாணவர்களில் சிலராவது, நீதிமன்றம் எழுப்பும் கேள்விகளுக்கு உளவியலின் துணையோடு விடை தேடும் தடயவியல் உளவியலை மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். அவர்களுடைய ஆர்வத்தில் குறையே இல்லை. ஆனால் பெரும்பாலோர் கொலையாளியின் மனத்தில் தொடங்குகிறார்கள். சட்டத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். பிற்பாடு அவர்களை இடற வைப்பது இந்த வரிசைதான்.

நீதிமன்றம் உளவியலாளரிடம் குறிப்பிட்ட ஒரு கேள்வியைக் கேட்கிறது. அது எந்தச் சட்டப் பிரிவிலிருந்து பிறக்கிறது என்று அறியாதவர் எவ்வளவு படித்திருந்தாலும் அவருடைய பதில் வழக்குக்கு உதவாது. மாணவர்களை மேற்பார்வை செய்யும்போது நான் வலியுறுத்தும் வரிசையைக் கீழே தருகிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மில் கணிதத்தையும் அறிவியலையும் அலட்சியப்படுத்த வேண்டாம். உளவியல் கலைப் படிப்பு என்று எண்ணி வருபவர்கள் முதல் ஆண்டுப் புள்ளியியலிலேயே தளர்ந்துபோகிறார்கள். பின்னாளில் ஒரு சோதனையின் பிழை வரம்பை நீதிபதிக்கு விளக்க வேண்டியவர்கள் நீங்கள். கணக்கைக் கண்டு அஞ்சினால் அந்த இடத்தில் நிற்க முடியாது.

மூன்று மொழிகள் தேவை. பாடநூல்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. நீதிமன்றத்தின் மொழி மலாய். உங்கள் எதிரே உட்காரும் மனிதர் தமிழில் மட்டுமே மனம் திறப்பவராக இருக்கலாம். இவற்றில் நம் மாணவர்கள் அதிகம் கைவிடுவது மலாயைத்தான். தனியார் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்திலேயே படித்து முடித்து, மலாயில் ஒரு பக்க அறிக்கை எழுதத் திணறுபவர்களைப் பார்க்கிறேன். வாரம் ஒரு நீதிமன்றச் செய்தியை மலாய் நாளிதழில் படித்து, அதைப் பத்து வரியில் மலாயிலேயே சுருக்கி எழுதுங்கள். முதல் ஆண்டிலிருந்தே செய்தால்தான் இது பலன் தரும்.

இன்னொன்று மனப்பாங்கு. குழந்தைக்குத் தீங்கு செய்தவரின் வாழ்க்கைக் கதையை, முகம் சுளிக்காமல், குறுக்கிடாமல், முழுவதும் கேட்க வேண்டியிருக்கும். அவரை மன்னிக்கச் சொல்லவில்லை, கேட்கச் சொல்கிறேன். அது உங்களால் ஆகுமா என்பதை முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள்.

2. முதலில் சட்டத்தின் கேள்விகளைப் பிரித்தறியுங்கள்

பட்டப்படிப்பின் முதல் ஆண்டிலேயே இதைச் செய்யச் சொல்கிறேன். வழக்குரைஞராகும் அளவுக்குப் படிக்க வேண்டியதில்லை. சில பிரிவுகளை மட்டும் மூலத்திலேயே, பொறுமையாக, பலமுறை படித்தால் போதும்.

தண்டனைச் சட்டத்தின் 84 ஆவது பிரிவு முதலில். ஒருவர் செயலைச் செய்த நேரத்தில், மனநிலை பிறழ்ந்திருந்ததால், அந்தச் செயலின் தன்மையையோ அது தவறு அல்லது சட்டத்துக்கு முரணானது என்பதையோ அறிய இயலாதவராக இருந்தால் அது குற்றமாகாது என்கிறது அந்தப் பிரிவு. ‘செய்த நேரத்தில்’ என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 342 ஆவது பிரிவு கேட்பது வேறு. குற்றம் சாட்டப்பட்டவர் இப்போது, விசாரணை நடக்கும் நேரத்தில், தம்மைத் தற்காத்துக்கொள்ளும் மனநிலையில் இருக்கிறாரா? சந்தேகம் எழுந்தால் நீதிமன்றம் அவரை மனநல மருத்துவமனைக்கு அனுப்பிக் கண்காணிக்கச் சொல்லும். தொடக்கத்தில் அது ஒரு மாதத்துக்கு மேற்படாது. தேவையானால் நீட்டிக்க முடியும். தஞ்சோங் ரம்புத்தானில் உள்ள உலு கிந்தா பகாகியா மருத்துவமனையின் பெயர் நீதிமன்றச் செய்திகளில் அடிக்கடி வருவது இதனால்தான்.

புதியவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். சம்பவ நாளில் கடுமையான மனநோயில் இருந்தவர், மருந்து உட்கொண்டு இன்று தெளிவாக இருக்கலாம். அன்று தெளிவாக இருந்தவர் சிறைக்காவலில் நிலைகுலைந்து போயிருக்கலாம். ஒரே மனிதர், இரு காலங்கள், இரு கேள்விகள். எதற்குப் பதில் எழுதுகிறீர்கள் என்பது அறிக்கையின் முதல் பத்தியிலேயே தெரிய வேண்டும்.

மனநோய் இருப்பதாகக் கண்டறிந்துவிட்டால் 84 ஆவது பிரிவு தானே பொருந்திவிடும் என்று எண்ணுவது அடுத்த தவறு. மனச்சிதைவு நோய் உள்ளவர்களில் பலர் தாம் செய்வது தவறு என்று நன்றாக அறிந்திருப்பார்கள். நோயின் பெயர் அந்தக் கேள்விக்கு விடையாகாது; நோய் அந்த நேரத்து அறிவை எப்படிப் பாதித்தது என்று காட்ட வேண்டும். அதை நிரூபிக்கும் பொறுப்பும் சாட்சியச் சட்டத்தின் 105 ஆவது பிரிவின்படி குற்றம் சாட்டப்பட்டவருடையது.

விடுதலை என்றால் வீட்டுக்குப் போவது என்று குடும்பத்தினர் நினைப்பார்கள். மனநிலை பிறழ்ந்திருந்தது என்ற காரணத்தால் விடுவிக்கப்படுபவரின் செயல், அந்தக் காரணம் இல்லையென்றால் குற்றமாகியிருக்கக்கூடியது என்றால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 348 ஆவது பிரிவின்கீழ் மாநில ஆட்சியாளரின் விருப்பம் உள்ளவரை அவர் காவலில் வைக்கப்படுவார். வீட்டார் இதைக் கேட்டு அதிர்ந்துபோவதை நீங்களும் காண்பீர்கள். அதனால் உங்களுக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

சிங்கப்பூர், இங்கிலாந்து நூல்களைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை. அங்கே கொலைக் குற்றச்சாட்டில், மனநிலைக் கோளாறு பொறுப்பைக் குறைத்தது என்று காட்டிக் குற்றத்தைக் குறைக்கும் ‘குறைந்த பொறுப்பு’ என்ற தற்காப்பு உண்டு. நம் தண்டனைச் சட்டத்தில் அது இல்லை. அந்த நூல்களை வைத்துக்கொண்டு மலேசிய வழக்கைப் பற்றிக் கட்டுரை எழுதுபவர்கள் தவறாமல் இங்கே வழுக்குகிறார்கள்.

ஆனால் தண்டனை விதிக்கும் கட்டத்தில் உளவியலுக்கு இடம் பெருகியிருக்கிறது. கட்டாய மரண தண்டனை ஒழிப்புச் சட்டம் 2023 ஜூலை 4 முதல் நடைமுறைக்கு வந்தது. கொலைக்கு இப்போது நீதிபதி மரண தண்டனை விதிக்கலாம். அல்லது 30 முதல் 40 ஆண்டுவரை சிறையும் பிரம்படியும் விதிக்கலாம். தேர்ந்தெடுக்கும் உரிமை நீதிபதிக்கு வந்த பிறகு, அந்த மனிதர் யார், எப்படி வளர்ந்தார், மாறக்கூடியவரா என்ற கேள்விகளுக்குக் கனம் கூடுகிறது.

சிறுவர் பக்கமும் பாருங்கள். 10 வயதுக்குட்பட்டவர் செய்யும் எதுவும் குற்றமாகாது. 10க்கும் 12க்கும் இடைப்பட்டவர் தம் செயலின் தன்மையையும் விளைவையும் புரிந்துகொள்ளும் முதிர்ச்சி பெற்றிருந்தாரா என்று தண்டனைச் சட்டத்தின் 83 ஆவது பிரிவு கேட்கிறது. இது முழுக்க முழுக்க வளர்ச்சி உளவியலின் கேள்வி. மணமுறிவு வழக்குகளில் பிள்ளை யாரிடம் இருப்பது என்பதற்கு, 1976 ஆம் ஆண்டுத் திருமண மணமுறிவுச் சட்டத்தின் 88 ஆவது பிரிவு பிள்ளையின் நலனையே முதன்மையாக வைக்கிறது. குற்றவியலில் மட்டும் கண் வைத்திருப்பவர்கள் இந்த வாசலைப் பார்ப்பதே இல்லை.

3. பட்டப்படிப்பில் எதில் ஆழம் வேண்டும்

சேரும் முன், அந்தப் படிப்புக்கு எம்.கியூ.ஏ. எனப்படும் மலேசியத் தகுதி முகமையின் அங்கீகாரம் இருக்கிறதா என்று அதன் பதிவேட்டில் நீங்களே தேடிப் பாருங்கள். கல்லூரியின் விளம்பரத் தாளை நம்பிப் பணம் கட்டாதீர்கள். அங்கீகாரம் இல்லாத பட்டத்தால் முதுகலை வாசலும் அரசு வேலை வாசலும் அடைபட்டுப் போகும்.

பட்டத்தின் பெயரில் ‘தடயவியல்’ இருக்க வேண்டிய அவசியம் இல்லை. பொதுவான உளவியல் பட்டமே அடித்தளம். அதில் நான்கு பாடங்களில் சமரசம் கூடாது: புள்ளியியல், நினைவாற்றல், வளர்ச்சி உளவியல், மனநோயியல்.

நினைவாற்றல் ஏன்? கண்ணால் கண்ட சாட்சி முழுவதும் அதைப் பொறுத்தது. 1974 இல் லாஃப்டஸ், பாமர் என்ற உளவியலாளர்கள் இருவரும் ஒரே கார் விபத்துப் படத்தைக் காட்டிவிட்டுக் கேள்வியில் ஒரு வினைச்சொல்லை மட்டும் மாற்றினார்கள். ‘மோதி நொறுங்கியபோது’ என்று கேட்கப்பட்டவர்கள், ‘இடித்தபோது’ என்று கேட்கப்பட்டவர்களைவிடக் கார்கள் அதிக வேகத்தில் வந்ததாகச் சொன்னார்கள். கேட்பவரின் சொல் சாட்சியின் நினைவுக்குள் புகுந்துவிடுகிறது.

ஒரு குழந்தையிடம் ‘மாமா உன்னைத் தொட்டாரா?’ என்று கேட்பதற்கும், ‘நடந்ததை முதலிலிருந்து சொல்லம்மா’ என்று கேட்டுவிட்டு அமைதியாக இருப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். முதல் கேள்வி உண்மையான புகாரைக்கூடப் பாழாக்கிவிடும். எதிர்த்தரப்பு வழக்குரைஞர் அதையே பிடித்துக்கொள்வார். பாதிக்கப்பட்ட குழந்தைக்கு நாம் இழைக்கக்கூடிய பெரிய அநீதி, அக்கறையோடு தவறாகக் கேட்பது.

4. நீதிமன்றத்தில் போய் உட்காருங்கள்

இரண்டாம் ஆண்டு விடுமுறையில் இதைத் தொடங்கலாம். கோலாலம்பூரில் ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகம். பினாங்கில் லெபோ லைட் உயர்நீதிமன்றம். வழக்குகள் பொதுவாகத் திறந்த நீதிமன்றத்தில் நடப்பதால் யாரும் போய்ப் பின்வரிசையில் அமரலாம்.

கழுத்துப்பட்டை உள்ள சட்டை அல்லது அடக்கமான உடை, மூடிய காலணி. உள்ளே நுழையும்போதும் வெளியேறும்போதும் நீதிபதியை நோக்கித் தலை வணங்க வேண்டும். கைப்பேசியை அணைத்துவிடுங்கள், ஒலிப்பதிவு கூடவே கூடாது. குறிப்பேடும் பேனாவும் போதும்.

அன்றைய வழக்குப் பட்டியலில் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. ‘செபுத்தான்’ என்று போட்டிருந்தால் அன்று தேதி குறிப்பது போன்ற சிறு வேலைகள்தான் நடக்கும். சில நிமிடங்களில் முடிந்துவிடும். ‘பிச்சாரா’ என்று இருந்தால்தான் சாட்சி விசாரணை. இது தெரியாமல் காலை முழுவதும் காத்திருந்து, ஒன்றுமே நடக்கவில்லை என்று சலித்துத் திரும்புபவர்கள் அதிகம்.

சிறார் நீதிமன்றத்துக்குள் பொதுமக்கள் போக முடியாது. குழந்தைகள் சாட்சி சொல்லும் பாலியல் வழக்குகளிலும் கதவு மூடப்படும். அங்கே நுழைய முயலாதீர்கள். அந்தக் கட்டுப்பாடு குழந்தையைக் காப்பதற்காக இருக்கிறது. திரை மறைவிலும் நேரலைக் காணொளி வழியாகவும் குழந்தை சாட்சி சொல்ல வழி செய்யும் 2007 ஆம் ஆண்டுக் குழந்தைச் சாட்சிச் சட்டத்தை வீட்டிலிருந்தே படித்துக்கொள்ளலாம்.

மருத்துவரோ வேதியியலாளரோ நிபுணராகச் சாட்சி சொல்லும் நாள் கிடைத்தால் விடாதீர்கள். அவர் முடிவைச் சொல்லும் விதத்தைவிட, குறுக்கு விசாரணையில் எந்த இடத்தில் தடுமாறுகிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பாளரையும் கவனியுங்கள். தமிழில் நீளமாகச் சொல்லப்பட்ட பதில் மலாயில் ஒற்றை வரியாகச் சுருங்குவதை உங்களைப்போல் இரு மொழியும் அறிந்தவரால்தான் உணர முடியும்.

5. தீர்ப்புகளைப் பின்னிருந்து படியுங்கள்

நீதித்துறையின் இணையத்தளத்தில் தீர்ப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. 84 ஆவது பிரிவு பேசப்படும் ஒரு தீர்ப்பை எடுத்து முதலில் முடிவைப் படியுங்கள். பிறகு நிபுணர் சாட்சியத்தை நீதிபதி எடைபோடும் பத்திகளைத் தேடுங்கள். ஏற்றாரா? தள்ளினாரா? காரணம் என்ன? குற்றச் சம்பவத்தைக் கடைசியில் படிக்கலாம். முதலிலிருந்து படிப்பவர்கள் சம்பவத்தின் கொடூரத்தில் மூழ்கி, நிபுணர் எங்கே சறுக்கினார் என்பதைத் தவறவிடுகிறார்கள்.

6. முதுகலைக்கு முன் மனிதர்களோடு பழகுங்கள்

முதுகலை நேர்காணலில் மதிப்பெண் மட்டும் போதாது. மனத்துயரில் இருப்பவர்களின் அழைப்பைக் கேட்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பில் தொலைபேசித் தொண்டராகப் பயிற்சி பெறலாம். பினாங்கில் மாதர் மாற்ற மையம் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் துணை நிற்கிறது. இங்கெல்லாம் கற்பது, அறிவுரை சொல்லாமல் கேட்கும் பழக்கம்.

7. முதுகலை: எந்தக் கதவு எங்கே திறக்கிறது

பணமும் ஆண்டுகளும் அதிகம் வீணாவது இங்கேதான்.

2016 ஆம் ஆண்டுச் சார்பு மருத்துவத் தொழில்கள் சட்டத்தின் பட்டியலில் மருத்துவ உளவியலாளர் என்ற தொழில் இருக்கிறது. தடயவியல் உளவியலாளருக்கு அதில் தனி இடம் இல்லை. ஆகவே மனிதர்களைச் சோதித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை தர விரும்புபவருக்கு நேரான வழி, மருத்துவ உளவியலில் முதுகலை முடித்துப் பதிவு பெற்று, அதன் மேல் தடயவியலைக் கட்டுவது. யுகேஎம், ஹெல்ப் போன்ற பல்கலைக்கழகங்களில் அந்த முதுகலை உண்டு. இடங்கள் குறைவு, மருத்துவமனைப் பயிற்சியும் மேற்பார்வையும் அதன் உயிர்.

இங்கிலாந்துக்குப் போய்த் தடயவியல் உளவியலில் ஓர் ஆண்டு முதுகலை படிப்பதைப் பலர் விரும்புகிறார்கள். அங்கே அந்தப் பட்டம் ஒரு கட்டம் மட்டுமே. மேற்பார்வையுடன் கூடிய பயிற்சியும் முடித்த பிறகே அந்தத் தொழிற்பெயரைப் பயன்படுத்த முடியும். பட்டத்தோடு மட்டும் ஊர் திரும்பினால் அங்கேயும் முழுத் தகுதி இராது. இங்கே மருத்துவ உளவியலாளராகவும் பதிய முடியாது. வீட்டை அடமானம் வைத்து அனுப்பிய பெற்றோருக்கு அதை விளக்குவது கடினம். கட்டணம் கட்டும் முன் ‘திரும்பி வந்து எந்தச் சட்டத்தின்கீழ் பதிவேன்?’ என்று கேளுங்கள்.

ஆய்வும் கொள்கையும் விரும்புபவருக்குக் குற்றவியல் முதுகலை பொருந்தும். மறுவாழ்வுப் பணியில் நாட்டம் உள்ளவர் 1998 ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்ற ஆலோசகராகி, சிறைச்சாலை இலாகா, சமூக நல இலாகா போன்ற இடங்களில் முயலலாம். அதுவும் மதிப்புள்ள பாதை.

84 ஆவது பிரிவு வழக்குகளில் மருத்துவமனையின் சார்பில் சான்று தருபவர் பெரும்பாலும் மனநல மருத்துவர் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். உளவியலாளர் அந்தக் குழுவில் அறிவுத்திறன், நினைவாற்றல், ஆளுமை ஆகியவற்றைச் சோதித்துத் தருபவர். அந்த எல்லையை மதிப்பவருக்கே மருத்துவர்கள் அடுத்த வழக்கையும் அனுப்புவார்கள்.

8. சோதனைகளின் வலிமையையும் வரம்பையும் கற்றுக்கொள்ளுங்கள்

மாணவர்கள், இரக்கமும் குற்றவுணர்வும் அற்ற ஆளுமையை (சைக்கோபதி) அளக்க உளவியலாளர் ஹேர் வகுத்த மனப்பிறழ்ச்சிப் பட்டியலை நோக்கி ஓடுகிறார்கள். 20 கூறுகள், உச்ச மதிப்பு 40. பயிற்சி பெறாதவர் அதைத் தொடவே கூடாது. அதிக மதிப்பெண் ஒருவர் இந்தக் குற்றத்தைச் செய்தார் என்று ஒருபோதும் சொல்லாது.

அதைவிட முதலில் கற்க வேண்டியது, ஒருவர் பாசாங்கு செய்கிறாரா என்று அறியும் முறை. டோம் எனப்படும் நினைவாற்றல் சோதனை இதற்கு நல்ல தொடக்கம். 50 படங்களைக் காட்டிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு படங்களுள் முன்பு பார்த்தது எது என்று கேட்பார்கள். எதுவுமே நினைவில்லாதவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் ஏறத்தாழ 25 சரியாக வரும். ஒருவர் 12 மட்டுமே பெற்றால், சரியான விடை தெரிந்தே அதைத் தவிர்த்திருக்கிறார் என்று கருத வலுவான காரணம் கிடைக்கிறது. ஆனாலும் பாசாங்கு செய்பவருக்கு உண்மையான நோயும் இருக்கலாம். ஒன்றைக் கண்டதும் மற்றதைத் தேடுவதை நிறுத்தாதீர்கள்.

அடுத்தது அளவுகோல் யாரைக் கொண்டு அமைக்கப்பட்டது என்ற கேள்வி. அறிவுத்திறன் சோதனையில் சராசரி 100 என்றால், அது எந்த மக்களின் சராசரி? தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்று, தோட்டத்தில் உழைத்து முதுமையடைந்த ஒருவருக்கு ஆங்கிலச் சொற்களைக் கொண்ட சோதனையைக் கொடுத்து, 65 என்று எழுதினால் நீங்கள் அளந்தது அவருடைய பள்ளிக் காலத்தைத்தான். சொல் சாராத சோதனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்றாட வாழ்வில் காசு எண்ணுகிறாரா, பஸ் மாறிப் போகிறாரா என்று குடும்பத்தாரிடம் கேளுங்கள். வரம்பை அறிக்கையில் வெளிப்படையாக எழுதுங்கள்.

நேர்காணலில் தமிழ் அறிந்த உங்களுக்குத் தனிப் பொறுப்பு இருக்கிறது. ‘சாமி என்மேல் வந்தது’ என்று ஒருவர் சொன்னால், தைப்பூசத்தில் பத்துமலைக்குக் காவடி எடுக்கும் சமூகத்தில் அது நோயின் அடையாளமாக இருக்க வேண்டியதில்லை. நம் வழக்கம் அறியாதவர் அதை மாயக்குரல் என்று குறித்துவிடக்கூடும். இதற்கு எதிர்மறையும் நடக்கிறது. மாதக்கணக்கில் உறங்காமல், யாரோ விஷம் வைக்கிறார்கள் என்று உணவைத் தள்ளும் மகனைச் செய்வினை என்று சொல்லிக் கோயில் கோயிலாக அழைத்துப்போவார்கள். எப்போது தொடங்கியது, சடங்குக்கு வெளியேயும் நீடிக்கிறதா, வேலையும் உறக்கமும் கெட்டனவா என்று கேட்டால் இரண்டையும் பிரித்தறியலாம். அவர் சொன்னதை அவர் சொன்ன தமிழிலேயே குறித்துக்கொண்டு, மலாயிலோ ஆங்கிலத்திலோ பொருளைப் பிறகு எழுதுங்கள்.

9. அறிக்கை எழுதும் வரிசை

சந்திப்பின் தொடக்கத்திலேயே நீங்கள் யார், யார் கேட்டு வந்தீர்கள், அவர் சொல்வது நீதிமன்றத்துக்குப் போகும் என்பவற்றை அவருக்குப் புரியும் மொழியில் சொல்லிவிட வேண்டும். சிகிச்சைக்கு வந்தவர் என்று அவர் நம்பி மனத்தைக் கொட்டினால் அது ஏமாற்று வேலையாகிவிடும். இதே காரணத்தால், நீங்கள் சிகிச்சை தரும் ஒருவருக்கு நீங்களே நிபுணர் சாட்சியாகப் போகக் கூடாது. அவருக்காக நிற்பவரால் நடுநிலையில் நிற்க முடியாது.

அறிக்கையில் கேட்கப்பட்ட கேள்வி முதலில் வரட்டும். அடுத்து, எந்த ஆவணங்களைப் பார்த்தீர்கள், யாரை, எப்போது, எந்த மொழியில் சந்தித்தீர்கள் என்ற விவரம். பிறகு கண்டவை. அதன் பிறகே கருத்து. கண்டதையும் கருத்தையும் ஒரே வாக்கியத்தில் கலக்காதீர்கள். ‘கேள்விகளுக்கு நீண்ட இடைவெளி விட்டுப் பதில் சொன்னார்’ என்பது கண்டது. ‘மறைக்கிறார்’ என்பது கருத்து.

ஒவ்வொரு கருத்துக்கும் ஆதாரம் அதன் பக்கத்திலேயே இருக்கட்டும். சாட்சியச் சட்டத்தின் 45 ஆவது பிரிவு நிபுணர் கருத்தை ஏற்க இடம் தருகிறது. 51 ஆவது பிரிவு அந்தக் கருத்தின் அடிப்படைகளையும் பொருத்தமானவையாக்குகிறது. காரணம் சொல்லாத கருத்தை எவ்வளவு பெரிய பட்டம் பெற்றவர் சொன்னாலும் நீதிபதி ஒதுக்கிவிடலாம்.

‘இவர் குற்றவாளி அல்லர்’ என்று எழுதாதீர்கள். அது நீதிமன்றத்தின் வேலை. உங்கள் கருத்துக்கு எதிரான தகவலையும் மறைக்காமல் எழுதி, அதை ஏன் குறைத்து மதிப்பிட்டீர்கள் என்று விளக்குங்கள். மறைத்தால் எதிர்த்தரப்பு அதை எடுத்துக் காட்டும்போது அறிக்கை முழுவதும் சரிந்துவிடும்.

10. சாட்சிக் கூண்டில்

சாட்சி சொல்லும் நாளுக்கு முந்திய வாரம் அறிக்கையை மேற்பார்வையாளரிடம் கொடுத்து, எதிர்த்தரப்பு வழக்குரைஞரைப்போல் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். சாட்சி நாளன்று எல்லா மூலக்குறிப்புகளையும் வரிசையாக எடுத்துச் செல்லுங்கள்.

யார் கேட்டாலும் பதிலை நீதிபதியை நோக்கிச் சொல்லுங்கள். ‘ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லுங்கள்’ என்று நெருக்கினால், ‘ஆம், ஆனால் விளக்கம் தேவை’ என்று சொல்லி நீதிபதியின் அனுமதி கேட்கலாம். தெரியாததற்கு ‘என் துறைக்கு வெளியே’ என்றோ ‘போதிய தரவு இல்லை’ என்றோ சொல்லுங்கள். புதியவர்கள் இங்கே கௌரவம் பார்த்து, தெரியாததற்கும் பதில் சொல்லத் தொடங்குகிறார்கள். ஒரு கேள்விக்கு ஊகித்துச் சொன்ன பதில், ஆதாரத்தோடு சொன்ன மற்றப் பதில்களையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடும்.

சாட்சியம் முடிந்த அன்றே, எந்தக் கேள்வியில் தயங்கினீர்கள், அறிக்கையின் எந்தப் பக்கம் அந்தக் கேள்விக்கு இடம் கொடுத்தது என்று எழுதி மேற்பார்வையாளரிடம் காட்டுங்கள். அடுத்த வழக்கின் அறிக்கையில் அந்த இடத்துக்குரிய காரணம், யாரும் கேட்பதற்கு முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும்.